வின்சன்றின் கரும்பலகை

1

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு லண்டனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குளிர், வாடகை, பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்ற முறைப்பாடு எல்லாவற்றையும் எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் எழுத வந்தது ஒரு பிரெஞ்சுத் தத்துவஞானியைப் பற்றி. சிரிக்க வேண்டாம். மன்னாரில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதும் லிகிதராக இருந்துவிட்டு, இப்போது வால்தம்ஸ்டோவில் ஒரு சிறுவர் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்து பூட்டுகிற சூசைதாசனுக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் என் மகளிடம் கேட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் லண்டனில் வந்திறங்கிய நாளை வருடாவருடம் கொண்டாடுவோம். கேக் வெட்டுவதில்லை. வந்த அன்று ஊர்க்காரர் ஒருவர் தந்த முதல் சாப்பாடு பேக்கரிப் பாணும் தகரத்தில் அடைத்த ரின்மீன் சம்பலும். அதனால் என் மனைவி றோசி அன்றைக்கு அதையே செய்வாள். சாப்பிட முன்னர் நான் என் கதையைச் சொல்ல வேண்டும். மகள் டிலானிக்கு ஆறு வயதாக இருக்கும்போது தொடங்கியது. இப்போது அவளுக்கு இருபத்து நான்கு.

கதை இதுதான். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என்னைப் பிடித்து, முகாமாக்கிய ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள் ஒரு வகுப்பறையில் அடைத்து வைத்தார்கள். அங்கே கரும்பலகையில் யாரோ ஓர் ஆசிரியர் எழுதிய பெருக்கல் கணக்கு அழியாமல் இருந்தது. விடை எழுதப்படவில்லை. புத்தி பேதலிக்காமல் இருக்க அந்தக் கணக்கைத் தினமும் மனதுக்குள் செய்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே விடை வரும். ஒரு நாள் அடித்துவிட்டுப் போன பிறகு செய்து பார்த்தால் விடை வேறாக வந்தது. அன்றைக்குத்தான் நான் உண்மையில் பயந்தேன்.

இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். டிலானி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மேசையில் தட்டிக்கொண்டு, என்ன கணக்கு என்று கேட்பாள். முந்நூற்று நாற்பத்தேழு தர இருபத்தெட்டு என்பேன். ஒன்பதாயிரத்து எழுநூற்றுப் பதினாறு என்று கத்துவாள். அதற்குப் பிறகுதான் பாணில் கை வைக்கலாம். மற்ற வீடுகளில் சாப்பாட்டுச் செபம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு நாள் இது.

கதையில் ஒரேயொரு குறை. அது எனக்கு நடந்ததல்ல. றோசிக்கு அது தெரியும். நான் கரும்பலகைக்கு வரும் ஒவ்வொரு வருடமும் அவள் அடுப்பில் எதையோ பார்க்க எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

2

இந்த வருடம் டிலானி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. அந்நியனை வீட்டுக்குள் விடுவது பற்றி அந்தப் பிரெஞ்சுக்காரர் சொன்னவற்றை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதுகிறாளாம். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க அப்பாவின் கதை. என் பெயர், என் படம், என் கரும்பலகை.

தத்துவஞானியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படித்த மனிதர்கள் வந்து, அவர் அப்படிச் சொல்லவில்லை, நீர் விளங்கின விதம் பிழை என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பெயர் இல்லாவிட்டால் எனக்கு வேண்டிய மட்டும் விளங்கிக்கொள்ளலாம்.

கருவியை மேசையில் வைத்துவிட்டு டிலானி ஒரு தாளை நீட்டினாள். ஒப்புதல் படிவம். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கவுன்சில், பெனிபிட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று முப்பத்து மூன்று வருடங்களில் எத்தனை தாளில் கையெழுத்து வைத்திருப்பேன். இந்தத் தாளில் மூன்றாவது வரியில் இருந்தது: நான் சொல்பவை என் சொந்த அனுபவங்கள் என்று உறுதி கூறுகிறேன்.

இதே போன்ற ஒரு வசனத்துக்குக் கீழே முன்னொருமுறை கொஞ்சமும் தயங்காமல் கையெழுத்து வைத்த கைதான். இந்த முறை பேனையைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தது. கடைசியில், முதலில் உன்னுடைய அந்த மனுசனை நானும் கொஞ்சம் வாசிக்கிறேன், என்ன காரியத்துக்குக் கையெழுத்து வைக்கிறேன் என்று தெரிய வேண்டாமா என்று சொன்னேன். டிலானிக்குச் சந்தோசத்தில் முகம் சிவந்துவிட்டது. தான் படிக்கும் ஒன்றை அப்பா வாசிக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நாள் கடத்துகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மெல்லிய புத்தகங்கள் மூன்றைத் தந்தாள், ஓரங்களில் எல்லாம் அவளுடைய பென்சில் குறிப்புகளோடு.

3

என் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் இருக்கும் அறையில் எனக்கொரு கதிரை உண்டு. காலையில் பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியதும் ஒரு மணித்தியாலம் அங்கே இருக்கலாம். அகராதியோடு அங்கே இருந்துதான் வாசித்தேன். அந்த மனிதர் எழுதும் வசனங்கள் சாமானியமானவையல்ல. ஒரு வசனம் வால்தம்ஸ்டோவில் பஸ் ஏறினால் லண்டனின் மறுகோடியில் கிங்ஸ்பரிக்குப் போய்த்தான் இறங்கும். நடுவில் மூன்று இடத்தில் பஸ் மாறவும் வேண்டும். கொதிகலனும் நானும் சேர்ந்து பெருமூச்சு விடுவோம்.

ஆனால் ஆளின் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது. கடலுக்கு அப்பால், பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஒரு நாட்டில் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு நாள், நீ பிறந்த குலம் சரியில்லை, வீட்டுக்குப் போ என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. பிறகு பெரிய ஆளாகி, உலகம் முழுக்கச் சுற்றிப் பேசி, ஆயிரம் பேரிடம் புகழும் ஆயிரம் பேரிடம் ஏச்சும் வாங்கின பிறகும், கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பிள்ளை அவரை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. கதவு, வாசற்படி, உள்ளே வரலாமா என்ற கேள்வி எல்லாம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குக் கதவு திறக்கிறவன் நான். அந்த விசயம் எனக்கு அகராதி இல்லாமலே விளங்கியது.

அவர் கேட்பது இதுதான். வருகிறவனை உண்மையாகவே வரவேற்பதென்றால், நீ யார், எங்கிருந்து வருகிறாய், உன் கதை என்ன என்று கேட்காமல் கதவைத் திறக்க வேண்டும். ஆனால் எந்த வீடும் எந்த நாடும் அப்படித் திறப்பதில்லை. முதலில் கதை கேட்கும். அதையும் தன்னுடைய பாஷையில், தன்னுடைய சட்டத்தின்படி கேட்கும். டிலானி அந்தப் பக்கத்தில் பென்சிலால் ‘அப்பா’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இன்னொரு புத்தகத்தில் சாட்சியைப் பற்றிச் சொல்கிறார். சாட்சி சொல்பவன் எதையும் நிரூபிப்பதில்லை, என்னை நம்பு என்று கேட்கிறான், அவ்வளவுதான். பொய்யாகவும் இருக்கலாம் என்ற இடம் எப்போதும் திறந்திருந்தால்தான் அது சாட்சி. நிரூபித்துவிட்டால் அது வேறு விசயம். அந்தப் பக்கத்தில் பென்சில் குறிப்பு ஒன்றும் இல்லை. அப்பாவின் விசயத்தில் அவளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அந்த வெறும் ஓரத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இனி நடந்ததைச் சொல்கிறேன். டிலானிக்குச் சொன்ன அதே ஒழுங்கில் உங்களுக்கும்.

சுற்றிவளைப்பு உண்மை. விளையாட்டு மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி ஒருவன் ஜீப்பில் இருந்தான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைப் பிடித்து ஏற்றுவார்கள். நானும் என் சிநேகிதன் வின்சன்றும் அடுத்தடுத்து நின்றோம். எனக்கு ஆட்டவில்லை. வின்சன்றுக்கு ஆட்டினான். நான் வீட்டுக்கு நடந்து போனேன். என் கதை அவ்வளவுதான்.

வின்சன்ற் பத்தொன்பது நாளுக்குப் பிறகு வந்தான். கோயிலின் பின்வாங்குப் பெஞ்சில் இருந்து ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னான். தாய்க்கும் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, இதை ஒருவரிடமும் சொல்லாதே என்றான்.

அதே வருடம் நான் லண்டன் வந்தேன். அந்த நாட்களில் கிங்ஸ்பரியில் எங்கள் ஆள் ஒருவர் புதிதாக வருகிறவர்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுப்பார். நான் என் கதையைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பயந்து ஓடிவந்தேன் என்றால் ஒருவரும் விசா தரமாட்டார்கள், தம்பி, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் கரும்பலகையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து இருந்தார். இப்படியொரு விசயத்தை ஒருவராலும் கற்பனை செய்ய முடியாது, இதுதான் கேஸ் என்றார். நேர்காணலில் என்னைக் கேள்வி கேட்ட வெள்ளைக்காரப் பெண் கரும்பலகைக்கு வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. நான் நடிக்கவில்லை, அதுதான் வெட்கம்.

நான் அறியாமல் ஒன்று நடந்தது. கேஸ் எழுதியவருக்கு அந்தக் கரும்பலகை பிடித்துப்போய்விட்டது. எனக்குப் பிறகு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அதை எழுதிக் கொடுத்தாரோ தெரியாது. மூன்று வருடம் கழித்து வின்சன்ற் லண்டன் வந்தான். வேறு எங்கே போவான்? என்னுடைய அறைக்குத்தான் வந்தான். கேஸ் எழுத ஒருவரிடமும் போகவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்ல எனக்கென்னத்துக்கு ஆள் என்றான். தன் கதையைத் தானே போய்ச் சொன்னான்.

முடிவுக் கடிதம் என் முகவரிக்கு வந்தது. அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. வாசித்துச் சொல்லு என்று என்னிடம் தந்தான். நான் வாசித்தேன். நிராகரித்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பந்தி: விண்ணப்பதாரர் சொல்லும் வகுப்பறை, கரும்பலகை பற்றிய விபரங்கள் வேறு பல விண்ணப்பங்களில் ஏற்கெனவே வந்தவை, ஆகவே இவை அவருடைய சொந்த அனுபவம் என்று ஏற்கமுடியாது.

நான் அந்தப் பந்தியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தமிழில் சொன்னேன். நம்பவில்லையாம், வேறொன்றும் எழுதவில்லை என்றேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு வின்சன்ற் சொல்லாமல் போய்விட்டான். பிரான்சுக்குக் கடந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

5

டிலானிக்கு இதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கையெழுத்து வைக்காத படிவத்தை நடுவில் வைத்துக்கொண்டு சொன்னேன். ஒலிப்பதிவுக் கருவியை அவள் நிறுத்தினாளா என்றும் நான் கவனிக்கவில்லை. பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். என் இங்கிலீஷ் இந்த மாதிரி நேரத்தில் காலை வாரிவிடும். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றோடொன்று முட்டி விழும். சின்ன வயதில் என்னைத் திருத்துவாள். அன்றைக்குத் திருத்தவில்லை.

அவள் படித்தவற்றை வைத்து எனக்கு நானே ஒரு நியாயம் தயார்செய்து வைத்திருந்தேன். கதவில் நின்று கதை கேட்கிறவன்தான் கதையைச் செய்யச் சொல்கிறான், உன்னுடைய ஆள் சொன்னதும் அதுதானே என்றேன். அவரை என் பக்கத்துச் சட்டத்தரணி ஆக்கப் பார்த்தேன். டிலானி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வருவது அருமை. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில்தான் சொன்னாள்.

“கதவில நிண்டு சொன்னது ஓகே அப்பா. அது எனக்கு விளங்கும். வீட்டுக்குள்ள வந்த பிறகு எனக்கு ஏன் சொன்னீங்கள்?”

நான் முப்பத்து மூன்று வருடமாக எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது இதுவல்ல. அதிகாரிகள் கேட்டால் சொல்ல ஏதோ இருந்தது. இவளுக்கு, சொல்லிச் சொல்லி அது என்னுடையதாகிவிட்டது என்றேன். என் மகளுக்கு முன்னால் மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடந்துபோனவனாக இருக்க விருப்பமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை.

அவள் புத்தகங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் தான் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து ஞாயிறு வரவில்லை. அத்தியாயத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தாய்க்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை.

6

அந்த ஐந்து கிழமையில் நான் கோயிலில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். சுவாமி பொறுமையாகக் கேட்டார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், ஆசீர்வதித்து அனுப்பினார். மூன்றையும் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, போகும்போது இருந்தது அப்படியே இருந்தது. சுவாமியில் குறை இல்லை. வின்சன்ற் அவரிடம் ஒன்றும் ஒப்படைக்கவில்லையே.

மன்னிப்பைப் பற்றியும் அந்தப் பிரெஞ்சுக்காரர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கக்கூடியதை மன்னிப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, அது கொடுக்கல் வாங்கல். மன்னிக்க முடியாததுதான் மன்னிப்பைக் கேட்டு நிற்கிறது என்கிறார். பாதிக்கப்பட்டவனுக்குப் பதிலாக வேறொருவர் அதைக் கொடுக்கவும் முடியாதாம். முதலில் வாசித்தபோது, இது என்ன, வழியே இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடுகிறாரே என்று கோபம் வந்தது. பிறகு, வழி இல்லை என்று நேராகச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று தோன்றியது. மற்ற எல்லோரும், நானும் சேர்த்து, ஏதாவது ஒரு வழி வைத்திருந்தோம். அந்த நாளில் எல்லோரும் செய்ததுதானே என்பது அதில் ஒன்று.

7

ஆறாவது ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் டிலானி வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே மேசையில் வந்து இருந்தாள். வின்சன்ற் மாமாவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். றோசி எழும்பிப் போய்த் தன் செபப்புத்தகத்துக்குள் இருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். வின்சன்றின் மனைவியும் அவளும் ஊரில் ஒரே கோயில் பங்கு. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லக் கதைத்துக்கொள்வார்களாம். இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் பொய் சொல்லாமல் மறைத்தது அவள் மட்டும்தான்.

டிலானியே இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியை நடுவில் வைத்தாள். வின்சன்ற் பாரிஸில், லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். ஞாயிறு அவனுக்கு லீவு. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நான் சூசை என்றேன். தண்ணீரை நிறுத்தவில்லை. ஓம், சொல்லு என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கிங்ஸ்பரி, நேர்காணல், கடிதத்தில் நான் வாசிக்காமல் விட்ட பந்தி. முடிந்ததும், அந்தப் பந்தியைப் பிறகு லோயர் வாசித்துக் காட்டினார், அது தனக்கு அப்போதே தெரியும் என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை விடு என்றான். கோபமும் இல்லை, சாந்தமும் இல்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்கிற குரல்.

“என்ர உண்மையை லண்டனில ஒருத்தரும் நம்பேல்ல, சூசை. இஞ்ச வந்து வேற ஆரோ ஒருத்தன்ர கதையைச் சொன்னன். அதை நம்பி விசா தந்தவங்கள். பிள்ளையளுக்கும் அதைத்தான் சொல்லி வளத்தனான். அதைச் சொல்லிச் சொல்லி மற்றது கனக்க மறந்துபோச்சு.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டான்.

“நீ இப்பவும் அதைச் சொல்லுறனியோ?”

வருடாவருடம் சொல்கிறேன் என்றேன்.

“அப்ப எனக்கு ஒருக்காச் சொல்லு.”

நான் டிலானியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லத் தொடங்கினேன். ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் ‘நீ’ என்று மாற்றிச் சொன்னேன். மைதானம், ஜீப், பள்ளிக்கூடம், நிலத்தில் கிடந்த சின்னப் பிள்ளைகளின் செருப்புகள். செருப்பு என்றதும், ஓம், செருப்பு, செருப்பு என்றான். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கரும்பலகைக்கு வந்தேன். தினமும் நீ அந்தக் கணக்கைச் செய்தாய் என்றேன்.

அவன் கேட்டான்: “அது என்ன கணக்கு?”

டிலானியின் உதடு அசைந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், அவளை அறியாமல் அந்த இலக்கம் வாய்க்கு வந்திருந்தது. அதே நொடியில்தான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் மறந்துபோயிருந்தேன். கோயிலின் பின்வாங்கில் வின்சன்ற் சொன்னது ஒரு பெருக்கல் கணக்கு என்று மட்டும்தான். என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை. நேர்காணலுக்கு முதல் நாள், கேட்டால் சொல்ல ஒன்று வேண்டும் என்று பஸ்ஸில் இருந்து நானே உண்டாக்கியதுதான் முந்நூற்று நாற்பத்தேழு தர இருபத்தெட்டு. தன் கணக்கைக் கேட்டு அவன் அந்தப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தான். இலக்கத்தைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒத்துப்பார்க்க வேறொன்றும் இல்லை.

“வின்சன்ற், எனக்குத் தெரியாது. நான் சொல்லுற கணக்கு நானே போட்டது. உன்ர கணக்கை நான் கேக்கேல்ல.”

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“பெருக்கல்தான்,” என்றான் கடைசியில். “அது ஞாபகம் இருக்கு.” பிறகு, “மிச்சத்தைச் சொல்லு” என்றான்.

மிச்சத்தைச் சொன்னேன். விடை மாறி வந்த நாளையும், அவன் பயந்ததையும், பத்தொன்பதாவது நாள் கதவு திறந்ததையும் சொன்னேன். டிலானி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து இருந்து கேட்டாள். றோசி இந்த முறை குசினிக்குப் போகவில்லை.